கயிறு கொடுக்காமல் விற்ற வண்டி

செய்தி வந்தபோது மணி பத்து நாற்பது. 2009 மார்ச் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்த அறையில் நான் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். செல்போனை அலுவலகத்தில் வைத்துவிட்டுத்தான் தேர்வறைக்குள் போக வேண்டும் என்பதால் செய்தி ஒரு துண்டுச் சீட்டாக என்னிடம் வந்தது. 'அக்கா வீட்டிலிருந்து போன். உடனே போகவும்' என்று எழுத்தர் எழுதியிருந்தார். 'உடனே' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார். மாற்று ஆள் வரும்வரை அறையை விட்டு நகரக் கூடாது. பதினைந்து நிமிடம், பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தபடி நின்றேன். ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தேன். அதில் போட வேண்டிய கையெழுத்தையும் போட்டேன்.

நெல்லித்தோப்பு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில் பால் பாக்கெட்டுகளை விற்று முடித்துவிட்டு, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாமேரி ஒரு பாக்கெட் கேட்டு வந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ஸ்டெல்லாமேரிதான் பள்ளிக்குப் போன் செய்தவர். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது.

அவள் பெயர் வேம்பு. எங்கள் அம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவளைக் கொண்டுபோக வருகிறவனுக்கு நாக்கு கசக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்கள். பதின்மூன்று வருடம் கழித்து நான் பிறந்தபோது பயம் விட்டுப் போயிருந்தது. எனக்குப் பாக்கியலட்சுமி என்று ஆசையாக வைத்தார்கள். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பாள் அக்கா. “நான் கசந்து காட்டினதாலதான்டி நீ இனிச்சிக்கிட்டு வந்த” என்பாள்.

தவளக்குப்பத்துக்கு மேற்கே இருந்த நிலம் கையை விட்டுப் போன பிறகு அப்பா இரண்டு மாடுகளோடு டவுனுக்கு வந்துவிட்டார். அவர் இறந்தபோது அக்காவுக்கு இருபத்துநாலு வயது. அம்மாவையும் என்னையும் மாடுகளையும் அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று ஒருவர் விசாரித்தாராம். “என்னக் கேக்க வந்தாரா, செவலையக் கேக்க வந்தாரான்னு தெரியாம போச்சி. செவலையக் கேட்டேன், அதுக்கு இஷ்டம் இல்ல” என்று அவள் அந்தப் பேச்சை முடித்தாள். பிறகு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும், சாகும்வரை அம்மா படுக்கையில் இருந்த ஆறு வருடத்தில் அவளால் போயிருக்க முடியாது.

முதலில் சைக்கிளில் பால் ஊற்றினாள். 1994-இல் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்கினாள். பச்சை நிறம். இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட இரும்புக் கொக்கி வைத்துக் கொடுத்தார் பட்டறைக்காரர். நெல்லித்தோப்பில் ஆரம்பித்து, உப்பளம் வழியாகக் கடற்கரைப் பக்கம் போய், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, என்னை ஏற்றிக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவாள். நான் காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போய் எம்.ஏ. படித்தேன். சேலையில் பால் வாடை இருக்கும். அதற்காக ஒரு நாள் நான் முகம் சுளித்தேன். மறுநாளிலிருந்து கேன்களைக் கழுவிய பிறகுதான் என்னை ஏற்றிக்கொண்டாள். அதற்காக அரை மணி முன்னதாக எழுந்தாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

வண்டி வாங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. ஆர்சி புத்தகத்துக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதுவரை எங்கும் கைநாட்டுதான். என்னிடம் மூன்று நாள் எழுதிப் பழகினாள். 'வே' நன்றாக வந்தது. 'ம்பு' சேர்ந்து கீழே இறங்கிவிடும். புத்தகம் வந்தபோது அதைத் திறந்து உரிமையாளர் என்ற இடத்தில் மசியால் எழுதியிருந்த தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். ரேஷன் கார்டு அப்பா பெயரில் இருந்தது. வீடு அம்மா பெயரில் இருந்தது. அவள் பெயரை மட்டும் வைத்து வந்த முதல் புத்தகம் அதுதான்.

அடுத்து நான் சொல்லப் போவது மாடு வளர்க்கிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போவார். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே தங்கும். அதையும் கொடுத்துவிட்டால் கொட்டிலில் இருக்கிற லட்சுமியும் கூடவே போய்விடும் என்பார்கள். எங்கள் கொட்டிலில், கதவுக்கு மேலே அப்பா அடித்த ஒரு பெரிய ஆணி இருந்தது. அக்கா தன் காலத்தில் விற்ற மாடுகளின் கயிறுகள் அதில் தொங்கின. பதினோரு கயிறு. ஒவ்வொன்றையும் தொட்டு இது செவலை, இது கொம்பு முறிஞ்சது என்று சொல்வாள்.

2003-இல் அவளுக்கு வலது கை மரத்துப் போக ஆரம்பித்தது. கறக்கும்போது விரல் மூடவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் திருகினதா இல்லையா என்று தெரியவில்லை என்றாள். நரம்பு என்று டாக்டர் சொன்னார். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. வாசலில் பாக்கெட் பால் வைத்து விற்கத் தொடங்கினாள். 2004 தை மாதத்தில் வண்டியையும் விற்பது என்று முடிவு செய்தாள்.

வாங்கியவன் பாவாடை. எங்கள் ஊர்ப் பக்கம்தான். பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்து வைத்த பெயர். அக்காவின் மாடுகளுக்குப் பல வருடம் சைக்கிளில் புல் கொண்டுவந்து போட்டவன். இப்போது கால் காணியில் கீரை போட்டு டவுன் மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். வண்டியைப் பார்க்க வந்த அன்று சக்கரத்தைக் காலால் தட்டி, “ஒதைக்குமாக்கா?” என்று கேட்டான்.

“ஒதைச்சாதான் கெளம்பும். ஒன்னோட மாமியாரு மாதிரி இல்ல, ஒதைச்சா சொன்ன பேச்சி கேக்கும்” என்றாள் அக்கா.

எடுத்துப் போக வந்த நாளில் சாமந்தி மாலையோடு ஒரு புதுக் கயிறும் கொண்டு வந்திருந்தான். கீரைக் கட்டுகளைக் கேரியரில் கட்டுவதற்கு. அதை அவளிடம் தூக்கிக் காட்டி, “மொறையா புதுக் கவுறு கொண்டாந்துட்டேன்கா” என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. வண்டியை ஒரு தடவை பார்த்தாள். கையில் வைத்திருந்த ஆர்சி புத்தகத்தைப் பார்த்தாள்.

“அப்ப பழைய கவுறு எங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள்.

அவனும் மாட்டுக்காரன் மகன். ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினான். முனைக்கடையில் புத்தகத்தை நகல் எடுத்து, நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அசலை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அக்கா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். பதினோரு கயிறுகளுக்கு மேலே.

நான் அங்கேதான் இருந்தேன். போக்குவரத்து அலுவலக வாசல் கடையிலிருந்து படிவங்கள் வாங்கி வந்தவள் நான். வண்டியை விற்றவர் பதினாலு நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29. பெயர் மாற்றக் கேட்டு இருவரும் கையெழுத்துப் போடுவது 30. இரண்டையும் நிரப்பி, அன்று சாயங்காலம் 29-ஐ அவளுக்குப் படித்துக் காட்டினேன். இன்னாருக்கு இந்தத் தேதியில் வண்டியை விற்றேன், பதிவுப் புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று அதில் ஒரு வரி வரும்.

“அந்த வரிய இன்னொரு தரம் படி” என்றாள்.

படித்தேன்.

“பொஸ்தகம் ஆணியில தொங்குது. குடுத்துட்டேன்னு எப்படி நான் கையெழுத்துப் போடுறது?”

அது வெறும் அச்சு வரி, யாரும் பார்க்க மாட்டார்கள், புத்தகத்தை வேண்டுமானால் நாளைக்கே அவனிடம் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவள் இரண்டுக்கும் இசையவில்லை. பாவாடை ஒரு நாள் வரட்டும், மூன்று பேருமாக அலுவலகத்துக்குப் போவோம், அங்கே அதிகாரி எதிரில் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அது நியாயமாகவும் பட்டது. படிவங்களை மடித்து அதே மஞ்சள் பையில் வைத்தேன்.

பாவாடை வாரத்துக்கு இரண்டு நாள் வந்துகொண்டுதான் இருந்தான். மார்க்கெட்டில் கீரை போட்டுவிட்டு வண்டியை அக்கா வாசலில் நிறுத்தி ஒரு டம்ளர் டீ குடிப்பான். அக்கா முந்தானையால் விளக்கைத் துடைப்பாள், சங்கிலியில் எண்ணெய் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். அலுவலகத்துக்கு எப்போது என்று கேட்டால், சிறுகீரை அறுப்பு, மனைவிக்குப் பிரசவம், அமாவாசை கழியட்டும் என்று ஏதாவது இருக்கும். வழியில் போலீஸ் நிறுத்தினாலும் நகலைக் காட்டினால் விட்டுவிடுகிறார்கள் என்றான். பதினாலு நாள் ஆனது. பதினாலு வாரமும் ஆனது. சித்திரையில் இன்சூரன்ஸ் முடிந்தது. விற்றவள் கட்டவில்லை, வாங்கியவனுக்கு அது முடிந்ததே தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற வண்டியைப் போய்விட்டது என்று யாராலும் நினைக்க முடியவில்லை. நான் ஒவ்வொரு தடவை போகும்போதும் ஆணியைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வருவேன்.

2005 ஆடி மாதம். காலை ஆறரை மணி. கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பு. கீரைக் கட்டு ஒரு பக்கம் சரிய, பாவாடை ஒரு கையால் அதைப் பிடித்திருக்கிறான். பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்த ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது. மோதியது பலமாக இல்லை. விழுந்தவரின் தலை கல்லில் பட்டது. அவர் பெயர் கலியபெருமாள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர்.

அன்று பகல் ஒரு போலீஸ்காரர் நம்பரை வைத்து விலாசம் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“வேம்புன்றது யாரு? அந்த ஆள வெளிய வரச் சொல்லு” என்றார்.

“நான்தாங்க அந்த ஆளு” என்றாள் அக்கா.

அவர் கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்தார். லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டியை ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். பாவாடைக்கு லைசென்ஸ் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். விற்றுவிட்டோம் என்று நான் சொன்னேன். விற்றதற்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அக்கா எங்கள் இருவர் பேச்சையும் கவனிக்கவில்லை. அடிபட்டவர் எப்படி இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பது நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிளாஸ்கில் பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவர் மனைவி சின்னப்பாப்பா உட்கார்ந்திருப்பார். அக்கா அவருக்குப் பால் ஊற்றிக் கொடுத்து, காலி டம்ளர் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து திரும்பிவிடுவாள். தான் யார் என்று சொல்லவில்லை. சின்னப்பாப்பாவும் கேட்கவில்லை. தர்மத்துக்குப் பால் ஊற்றுகிற யாரோ என்று நினைத்திருக்கிறார். ஒன்பதாம் நாள் அக்கா போனபோது பெஞ்ச் காலியாக இருந்தது. கலியபெருமாள் அன்று காலையிலேயே இறந்துவிட்டிருந்தார். பிளாஸ்கைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

பாவாடை மேல் போலீஸ் போட்ட வழக்கு தனியாக நடந்து அபராதத்தோடு முடிந்தது. சின்னப்பாப்பா நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு மூன்று வருடம் இழுத்தது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலையில் அந்த வண்டி யாருடையது?

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். தை மாதம் விற்றுவிட்டேன், புத்தகத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன், மாற்றிக்கொள்ளாதது அவன் குற்றம் என்று சொன்னால் நாம் வாதாட இடம் இருக்கிறது. புத்தகம் உங்களிடம் இருந்தது என்பது மட்டும் வாயில் வரக் கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வெளியே வந்து, 29-ஆம் படிவம் கொடுக்கப் பாவாடை வந்திருக்கவே வேண்டியதில்லையாமே என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். விற்றவர் கையெழுத்து ஒன்று போதும். அதை முதல் நாளே அவளுக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கோர்ட்டில் பாவாடை முதலில் ஏறினான். தரையைப் பார்த்துக்கொண்டு, வண்டியை அக்காவிடம் இரவல் வாங்கினேன் என்றான். விலைக்கு வாங்கவில்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றான். சட்டைப்பையிலிருந்த நகலைக் காட்டி, சொந்த வண்டியாக இருந்தால் அசல் என்னிடம் இருந்திருக்குமே என்றான். அது அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்த வார்த்தை. அவனுக்கு அப்படிப் பேச வராது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். எதிர் பெஞ்சில் சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்தார். கூண்டில் ஏறியவளை அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் பால் கொடுத்தவள் யார் என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

வண்டியை விற்றீர்களா என்று கேட்டார்கள். விற்றேன் என்றாள். தேதியைச் சரியாகச் சொன்னாள். பதிவுப் புத்தகம் யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். எங்கள் வக்கீல் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“வண்டிய வித்துட்டேன் சார். கவுறு குடுக்கல” என்றாள்.

புரியவில்லை, விளங்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

“பொஸ்தகம் எங்கிட்டதான் இருந்துச்சி. இப்பவும் எங்கிட்டதான் இருக்கு.”

தட்டச்சு செய்தவர் இந்த இரண்டாவது பதிலை மட்டும் அடித்தார்.

தீர்ப்பு 2008-இல் வந்தது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அவரே கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். வீட்டின் பின்பாதியை, கொட்டில் இருந்த இடத்தை, விற்றோம். நடுவில் ஒரு சுவர் எழும்பியது. கொட்டிலை இடிப்பதற்கு முதல் நாள் அக்கா கயிறுகளையும் பையையும் கழற்றி வந்து கூடத்துக் கதவுக்கு மேல் வேறு ஆணி அடித்து மாட்டினாள்.

கடைசியாகக் கோர்ட்டுக்குப் போன அன்று படியில் சின்னப்பாப்பா அவளுக்காக நின்றிருந்தார். நான் நடுவில் போய் நிற்கப் பார்த்தேன். அக்கா என்னை விலக்கினாள்.

“வண்டிய நீ ஓட்டலன்னு எனக்குத் தெரியும்கா” என்றார் சின்னப்பாப்பா. “பாலு ஊத்தினவகிட்டயே கேக்கறோமேன்னுகூட இருந்துச்சி. ஆனா நான் வேற யார்கிட்ட போயி கேப்பேன், சொல்லு. பேரு எழுதியிருக்கறவங்ககிட்டதான கேக்க முடியும்.”

“எங்கிட்டதான் கேக்கணும்” என்றாள் அக்கா.

பஸ்ஸில் வரும்போது, அந்தம்மாவுக்குச் சர்க்கரை தூக்கலாக இருந்தால்தான் பால் இறங்கும் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

வழக்கு முடிந்தும் வண்டி முடியவில்லை. அது ஸ்டேஷன் பின்புறம் ஒரு பாதாம் மரத்தடியில் கிடந்தது. இந்த வருடம் மாசி மாதம் அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உரிமையாளர் வந்து வண்டியை எடுத்துப் போக வேண்டும். அவள் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கேன் கொக்கிகள் அப்படியே இருந்தன. கேரியரில் பாவாடை கொண்டுவந்த புதுக் கயிறு கட்டியபடி இருந்தது, வெயிலில் வெளுத்துப் போய். இது இன்னும் தன் பெயரில் இருக்கக் கூடாது என்றாள். நாளைக்கு யாராவது இதை எடுத்து ஓட்டி யார் மேலாவது மோதினால், இன்னொருத்தியிடம் போய் நான் நிற்க முடியாது என்றாள். பெயரை மாற்றிய பிறகுதான் வண்டி இந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தாள்.

பாவாடைக்கு ஆள் அனுப்பினாள். மூன்றரை வருடமாக அவன் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை. மார்ச் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தான். இளைத்திருந்தான். வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான்.

“உள்ள வாடா. வாசல்ல நின்னுக்கிட்டு கையெழுத்துப் போட முடியாது” என்றாள் அக்கா.

வந்தான். உட்காரவில்லை.

“அக்கா, கோர்ட்டுல நான் சொன்னது…”

“அது எழுதி முடிஞ்சிடுச்சி. இது இன்னும் எழுதல. உக்காரு.”

அவன் அழுதான். அக்கா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் விட்டு, “தாள்ல சொட்டாத. பாக்கியம் மறுபடி முதல்லேர்ந்து எழுதணும்” என்றாள். அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பழைய படிவங்கள் மடிப்பில் கிழிந்திருந்ததால் புதிதாக வாங்கி நிரப்பி வைத்திருந்தேன். பாவாடை 30-இல் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டான். அக்கா எழுந்து ஆணியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தாள். புத்தகத்தை வெளியே எடுத்து ஒரு தடவை திறந்து, தன் பெயர் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினாள். இரண்டு கையாலும் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்தா. கவுறு” என்றாள்.

அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவள் 29-ஐக் கேட்டு வாங்கினாள். ஒப்படைத்துவிட்டேன் என்ற வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். பேனாவை வலது கையில் செருகி, இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நேரம் ஆனது. 'ம்பு' வழக்கம்போல் கீழே இறங்கியது. இரண்டு பிரதி, 30-இல் ஒரு இடம், ஆக மூன்று கையெழுத்து.

அலுவலகத்தில் கொடுக்கப் புத்தகம் வேண்டும் என்பதால் பாவாடை அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளே போயிருக்கலாம். எனக்குத் தேர்வுப் பணி. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பதினாலு நாளுக்குள் வந்துவிடுமா என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். வந்துவிடும் என்று அவளுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை எடுத்தோம். பாவாடை ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் படிவங்களையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் எல்லாவற்றையும் பார்த்து, சரியாக இருக்கிறது, விற்றவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். அவர் தாள்களை மெதுவாகத் திருப்பித் தந்தார். உரிமையாளர் இறந்துவிட்டால் இந்த 29-ஐ வாங்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்துப் படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு அந்த வாரிசு விற்றதாகப் புதிதாக ஒரு 29 எழுத வேண்டும். வாரிசு யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

இறப்புச் சான்றிதழ் நகராட்சியிலிருந்து வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவின் மூன்று கையெழுத்தும் மஞ்சள் பைக்குள் இருக்கின்றன. பை ஆணியில் இருக்கிறது. 31-ஆம் படிவம் அலுவலக வாசல் கடையிலேயே கிடைக்கும். அதை நான் இன்னும் வாங்கவில்லை.